முப்பத்தொன்றும் அறுபத்துமூன்றும்

(நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உயிரினங்களைப் பிடித்து வளர்க்கும் வீடியோ கேம்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அந்த வகையில் பல ஆட்டங்கள் இருந்தாலும் போக்கிமானையே எடுத்துக்கொள்கிறேன். அதில் வரும் பிக்காச்சுவின் மஞ்சள் முகத்தைப் பள்ளிப் பையிலோ பென்சில் பெட்டியிலோ பார்க்காதவர்கள் இங்கே அதிகம் இருக்க மாட்டார்கள். ஆனால் அந்த ஆட்டத்துக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால், பெரியவர்கள் பெரும்பாலும் "ஏதோ சண்டை போட்டுக்கொள்ளும்" என்பார்கள். சண்டை உண்டுதான். ஆனாலும் ஊன்றி ஆடுகிறவர்களின் நேரத்தை விழுங்குவது பிடிப்பதும் வளர்ப்பதும்.

அந்தப் பிடிப்புக்கும் வளர்ப்புக்கும் அடியில் ஒரு கணக்கு ஓடுகிறது. ஓர் உயிரின் திறமையில் பிறப்புக்கு எவ்வளவு பங்கு, வளர்ப்புக்கு எவ்வளவு பங்கு என்று எண்களாலேயே எழுதி வைத்த கணக்கு. நாம் திண்ணையில் உட்கார்ந்து முடிவில்லாமல் வாதாடும் விஷயத்துக்கு இந்த ஆட்டத்தைச் செய்தவர்கள் ஒரு விடை எழுதினார்கள். பிறகு இருபது ஆண்டுகளாக அந்த விடையை ஒரே திசையில் திருத்தி வந்தார்கள். அந்தத் திருத்தத்தின் கதைதான் இன்றைய பேச்சு.

பூச்சி பிடித்த பையன்

சதோஷி தாஜிரி 1965இல் பிறந்தவர். தோக்கியோவின் மேற்குப் புறத்தில் உள்ள மச்சிதாவில் வளர்ந்தார். அன்று அங்கே வயலும் குளமும் மரத்தோப்பும் இருந்தன. பையன் பூச்சி பிடிப்பதில் பைத்தியம். ஜப்பானியச் சிறுவர்களுக்குக் கோடை விடுமுறை என்றாலே வலையும் கூண்டும்தான். கொம்பு வண்டும் கிடுக்கி வண்டும் அவர்களுக்குப் பொக்கிஷம். கூட்டாளிகள் தாஜிரிக்கு 'பூச்சி டாக்டர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பிறகு ஊர் வளர்ந்தது, குளங்கள் தூர்ந்தன, பூச்சிகள் போயின. பூச்சி வலையைப் பிடித்த கை வீடியோ கேம் கூடத்தின் பொத்தான்களுக்கு மாறியது. 1983இல் 'கேம் ஃப்ரீக்' என்று தன் கையாலேயே எழுதி ஒரு சிற்றிதழ் நடத்தினார். அதைப் படித்துவிட்டு வந்து சேர்ந்த கென் சுகிமோரிதான் பின்னாளில் போக்கிமான்களை வரைந்த ஓவியர். 1989இல் அந்தச் சிற்றிதழே ஒரு நிறுவனமாயிற்று.

அதே ஆண்டு நின்டெண்டோ நிறுவனத்தின் 'கேம் பாய்' என்ற கையடக்கக் கருவி சந்தைக்கு வந்தது. இரண்டு கருவிகளை ஒரு கேபிளால் இணைக்கலாம். மற்றவர்கள் அந்தக் கேபிளில் போட்டியைப் பார்த்தார்கள். தாஜிரி அந்தக் கம்பி வழியே ஒரு பூச்சி ஊர்ந்து அந்தப் பக்கம் போவதைக் கற்பனை செய்தார். என் கருவியில் இருக்கும் உயிர் உன் கருவிக்குப் போகும். போனால் என்னிடம் இருக்காது. நகல் எடுக்க முடியாத பண்டமாற்று. போக்கிமானின் விதை இதுதான்.

விதை முளைக்க ஆறு ஆண்டுகள் ஆயின. 1996 பிப்ரவரி 27 அன்று ரெட், கிரீன் என்று இரண்டு பதிப்புகள் ஜப்பானில் வெளியாயின. ஒரே கதை, ஒரே வரைபடம். ஆனால் ரெட்டில் கிடைக்கும் சில உயிரினங்கள் கிரீனில் கிடைக்காது, கிரீனில் கிடைப்பவை ரெட்டில் இல்லை. பதிப்பை இரண்டாகப் பிரிக்கும் யோசனையைத் தந்தவர் மாரியோவைப் படைத்த ஷிகேரு மியாமோத்தோ என்பார்கள். அத்தோடு நிற்கவில்லை. கடாப்ரா, மச்சோக், கிராவலர், ஹான்ட்டர் என்ற நான்கு உயிரினங்கள் அடுத்த வடிவத்துக்கு வளர வேண்டுமானால் இன்னொருவர் கைக்கு மாறியே ஆக வேண்டும். நீங்கள் எத்தனை நாள் பாடுபட்டாலும், எத்தனை சண்டை வென்றாலும் தனியாக இருந்தால் ஆகாது. தனி மனிதர் எவராலும் முழுத் தொகுப்பைச் சேர்க்க முடியாதபடி, வேண்டுமென்றே வைத்த ஓட்டை அது.

மொத்தம் 150 உயிரினங்கள். 151ஆவதாக ஒன்று ஒளிந்திருந்தது. ஆட்டத்தைச் சோதிக்கப் பயன்பட்ட நிரல்களைக் கடைசியில் நீக்கியபோது சுமார் 300 பைட் இடம் காலியானது. ஷிகேகி மொரிமோத்தோ என்ற நிரலாளர் அந்தச் சந்தில் மியூ என்ற உயிரினத்தைச் செருகிவிட்டார். விஷயம் கசிந்தது. 'கொரோகொரோ காமிக்' என்ற சிறுவர் இதழ், 20 பேருக்கு மியூ தருகிறோம் என்று அறிவித்தது. எழுபதாயிரத்துக்கும் மேல் விண்ணப்பங்கள் குவிந்தன. பழைய கருவி என்று எல்லோரும் கைகழுவத் தொடங்கியிருந்த கேம் பாய்க்கு அதனால் மறுவாழ்வு கிடைத்தது.

பிடிக்கும் கணக்கு

இனி பிடிப்பதைப் பார்ப்போம். புல்வெளியில் நடக்கிறீர்கள், ஓர் உயிரினம் எதிர்ப்படுகிறது. உங்களுடையதை இறக்கி அதோடு மோதவிட்டு, அதன் பலத்தைக் குறைத்து, பந்தை எறிகிறீர்கள். பந்து அதை உள்ளே இழுத்துக்கொண்டு ஆடுகிறது. அடங்கினால் உங்களுடையது, திமிறினால் மறுபடி எறிய வேண்டும். பந்து ஆடும்போது பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் தப்பிக்காது என்று உலகம் முழுக்கப் பிள்ளைகள் நம்பினார்கள். அதில் ஒரு பயனும் கிடையாது.

உண்மையான கணக்கு இப்படி. ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு பிடி எண் உண்டு. கேட்டர்பீ என்ற கம்பளிப்புழுவுக்கு 255, அதுதான் உச்சம். மியூடூ என்ற அசுரப் பிறவிக்கு 3. 2002இல் வந்த மூன்றாம் தலைமுறை ஆட்டங்களின் விதிப்படி, முழு பலத்தோடு நிற்கும் மியூடூவின் மேல் சாதாரணப் பந்தை எறிந்தால் 255இல் ஒரு வாய்ப்புதான். அதன் உயிரை ஒரே ஒரு புள்ளி மிஞ்சும்படி குறைத்தால் வாய்ப்பு மூன்று மடங்கு. உறங்க வைத்தால் அதில் இரண்டு மடங்கு. சாதாரணப் பந்துக்குப் பதில் அல்ட்ரா பந்தை எடுத்தால் மேலும் இரண்டு மடங்கு. மூன்று, இரண்டு, இரண்டு, பெருக்கினால் பன்னிரண்டு. 255இல் 1 என்பது 255இல் 12 ஆகிறது. சுமார் இருபது பந்தில் ஒன்று ஒட்டும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அதிகம் அடித்தால் எதிரி விழுந்துவிடும். விழுந்ததைப் பிடிக்க முடியாது. குறைவாக அடித்தால் பந்து நிற்காது. உங்களிடம் இருப்பதிலேயே பலசாலியை இறக்கினால் வந்த காரியம் கெடும். கொல்லாமல் தளர்த்தத் தெரிந்த ஒன்று வேண்டும். உறங்க வைக்கத் தெரிந்த ஒன்று வேண்டும். ஆக, நன்றாகப் பிடிப்பதற்கே முன்கூட்டி நன்றாக வளர்த்திருக்க வேண்டும்.

அசுரர்களையும் பேய்களையும் தன் பக்கம் சேர்ப்பது இதற்கு முன்னும் இருந்தது. 1987இல் வந்த 'மெகாமி டென்செய்' ஆட்டத்தில் பேசிப் பேசி அவற்றை வழிக்குக் கொண்டுவர வேண்டும். 1992இன் 'டிராகன் குவெஸ்ட் 5' ஆட்டத்தில் தோற்ற பூதம் எழுந்து நின்று, உன்னோடு வரட்டுமா என்று கேட்கும். பிடிப்பதை எறிதலாகவும் கணக்காகவும் மாற்றி, அதையே ஆட்டத்தின் முதுகெலும்பாக்கியது போக்கிமான்.

காசு கொடுத்தும் வாங்கலாம். ரெட் பதிப்பில் நிலா மலைக்குப் பக்கத்தில் ஒரு வியாபாரி நிற்பான். 500 கொடுத்தால் மேஜிகார்ப் என்ற மீனைத் தருவான். அதற்குத் தெரிந்த ஒரே வித்தை துள்ளுவது. துள்ளினால் எதிரிக்கு எந்தச் சேதமும் இல்லை. வாங்கியவனைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள். அந்த மீனைப் பொறுமையாக இருபதாவது லெவல் வரை கொண்டுபோனால் கியாரடோஸ் என்ற கடல் நாகமாக மாறி நிற்கும். முதல் ஆட்டத்திலேயே ஆசிரியர்கள் தங்கள் சாய்வைக் காட்டிவிட்டார்கள்.

வளர்க்கும் கணக்கு

வளர்ப்பு என்றால் மேலோட்டமாக லெவல் ஏற்றுவது. ஒன்றில் தொடங்கி நூறில் முடியும். பொதுவான இனங்களுக்கு நூறைத் தொடப் பத்து லட்சம் அனுபவப் புள்ளிகள் வேண்டும். டிராடினி போன்ற மந்தமான இனங்களுக்குப் பன்னிரண்டரை லட்சம். ஆனால் லெவல் ஏறினால் எல்லாம் ஏறும் என்பது பாதி உண்மைதான். ஒரே இனம், ஒரே லெவல், இரண்டு உயிரினங்கள். ஒன்று வேகமாக இருக்கிறது, இன்னொன்று இல்லை. ஏன்?

ஏனென்றால் நீங்கள் யாரை வென்றீர்கள் என்பதை ஆட்டம் குறித்து வைத்துக்கொள்கிறது. ஜூபேட் என்ற வௌவாலை வென்றால் வேகத்தில் ஒரு பயிற்சிப் புள்ளி. பாறைபோல் இருக்கும் ஜியோடூடை வென்றால் தற்காப்பில் ஒன்று. மச்சாப்பை வென்றால் தாக்குதலில் ஒன்று. எதிரியின் குணம் வென்றவனிடம் கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறது. இந்தப் புள்ளிகளை ஆட்டக்காரர்கள் ஈ.வி. என்பார்கள். முதல் ஆட்டங்களில் இந்தப் புள்ளிகளுக்கு மொத்த வரம்பு இல்லை. எல்லாத் திறனையும் உச்சம் வரை நிரப்பலாம். அதனால் முழுக்க வளர்ந்த இரண்டு கியாரடோஸ்களை வைத்துப் பார்த்தால், வளர்ப்பில் வித்தியாசமே தெரியாது.

2002இல் வந்த ரூபி, சஃபையர் பதிப்புகள் இதை மாற்றின. மொத்தம் 510 புள்ளிகள்தான். ஒரு திறனில் உருப்படியாகப் போடக்கூடியது 252. திறன்களோ ஆறு: உயிர், தாக்குதல், தற்காப்பு, சிறப்புத் தாக்குதல், சிறப்புத் தற்காப்பு, வேகம். இரண்டை நிரப்பினால் கை காலி. மாதச் சம்பளத்தை வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் மளிகைக்கும் பங்கு பிரிக்கிற வேலைதான் இது. எல்லாவற்றையும் கொடுத்துவிடலாம் என்றிருந்தவரை வளர்ப்பவருக்கு யோசிக்க வேலை இல்லை. இவ்வளவுதான் என்று ஆனதும் ஒவ்வொருவர் வளர்ப்பும் ஒவ்வொரு தினுசாயிற்று. வரம்பு வந்த பிறகுதான் வளர்ப்பில் மனிதர் தெரிந்தார்.

எண்ணுக்குள் அடங்காததுபோல் தோன்றும் இன்னொன்றும் உண்டு, அதற்கும் எண்தான். நட்பு என்று ஒரு கணக்கு, பூஜ்யத்திலிருந்து 255 வரை. கூடவே நடந்தால் ஏறும். சண்டையில் மயங்கி விழுந்தால் இறங்கும். கசப்பு மருந்து புகட்டினாலும் இறங்கும். 1999இல் வந்த கோல்டு, சில்வர் பதிப்புகளில் கோல்பேட் என்ற வௌவால் க்ரோபேட்டாக மாறுவதற்கு லெவல் போதாது, நட்பு வேண்டும். அந்தக் கதையில் உங்களுக்குப் போட்டியாக வரும் பையன் பலவீனமானவற்றை வெறுப்பவன். பலசாலியை மட்டும் தேடுபவன். ஆட்டத்தின் கடைசிச் சந்திப்புகளில் அவனிடம் இருக்கும் கோல்பேட் க்ரோபேட்டாகி இருக்கும். அவன் திருந்திவிட்டதாக யாரும் மேடை போட்டுச் சொல்வதில்லை. விதி தெரிந்தவருக்கு அந்த வௌவாலே போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போக்கிமானில் எதுவும் கிழடாகாது, சாகாது. 1997இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த 'மான்ஸ்டர் ராஞ்சர்' ஆட்டத்தில் வீட்டிலிருக்கும் பாட்டு சி.டி.யைக் கருவியில் போட்டால் அதிலிருந்து ஓர் உயிரினம் பிறக்கும். வாரக் கணக்கில் பயிற்சி கொடுக்க வேண்டும். அதற்கு ஆயுள் உண்டு. ஒரு நாள் இறந்துவிடும். அங்கே காலம் வளர்ப்பவரை விரட்டுகிறது. போக்கிமானில் காலம் காத்திருக்கிறது. அதனால்தான் இங்கே பிறப்பின் கணக்கைச் சாவகாசமாகத் தோண்டித் துருவ ஆட்டக்காரர்களுக்கு நேரம் கிடைத்தது.

பிறப்பின் கணக்கு

இப்போது மையத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு போக்கிமானும் பிறக்கும்போதே அதன் ஆறு திறன்களுக்கும் ஆறு எண்கள் விழுகின்றன. ஒவ்வொன்றும் பூஜ்யத்திலிருந்து 31 வரை எதுவாகவும் இருக்கலாம். ஆட்டக்காரர்கள் இதை ஐ.வி. என்பார்கள், இன்றைக்குப் பிறவி எண் என்று வைத்துக்கொள்வோம். நீண்ட காலம் திரையில் இது தெரியாது. பல லெவல்களில் திறன்களைக் குறித்து, கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நூறாவது லெவலில் பிறவி எண் தரக்கூடிய அதிகபட்ச வித்தியாசம் 31. பயிற்சிப் புள்ளிகள் நான்குக்கு ஒன்றாகச் சேரும். 252 போட்டால் 63.

பிறப்புக்கு 31, வளர்ப்புக்கு 63. ஒரு திறனை எடுத்துக்கொண்டால் வளர்ப்பின் கை பிறப்பைவிட இரண்டு மடங்கு நீளம். ஆட்டத்தைச் செய்தவர்கள் ஆதியிலிருந்தே எழுதி வைத்த விகிதம் இது. 1996இன் பதிப்பிலும் ஏறத்தாழ இதே 30, 63தான்.

அப்படியானால் எல்லோரும் வளர்ப்பில்தானே மூழ்கியிருக்க வேண்டும்? நடந்தது வேறு. போட்டிக்குப் போகிறவர் எல்லோரும் 63ஐப் போட்டுவிடுவார்கள். அது உழைப்பு, யாருக்கும் கிடைக்கும். மிச்சமிருக்கும் வித்தியாசம் 31தான். வேகத்தில் ஒரே ஒரு புள்ளி கூட இருப்பவர் முதலில் அடிப்பார். ஆகவே ஆறிலும் 31 விழுந்த பிறவியைத் தேடத் தொடங்கினார்கள். காட்டில் அப்படியொன்று கிடைக்க வாய்ப்பு எவ்வளவு? 32ஐ ஆறு முறை பெருக்குங்கள். 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சத்தில் ஒன்று.

காட்டில் கிடைக்காததை முட்டையில் தேடினார்கள். 1999 முதல் ஆட்டத்தில் ஒரு தாத்தாவும் பாட்டியும் நடத்தும் காப்பகம் உண்டு. ஆண் ஒன்று, பெண் ஒன்று விட்டுவிட்டு நடந்து திரிந்தால், தாத்தா கூப்பிட்டு முட்டை ஒன்றைக் கையில் கொடுப்பார். அது எப்படி வந்தது என்று அவருக்கும் தெரியாதாம். முட்டையைச் சுமந்து நடக்க வேண்டும். மேஜிகார்ப் என்றால் 1,280 அடியில் பொரிந்துவிடும். டிராடினி என்றால் 10,240 அடி. ஆட்டக்காரர்கள் ஆட்டத்துக்குள் சைக்கிள் ஏறி ஒரே சாலையில் போவதும் வருவதுமாக இருந்தார்கள். குஞ்சு பொரியும், எண்ணைப் பார்ப்பார்கள், குறைவு என்றால் விடுவித்துவிட்டு அடுத்த முட்டை. ஒரு நல்ல பிறவிக்குப் பின்னால் நூற்றுக்கணக்கில் கழித்துக்கட்டிய பிறவிகள். வாங்கிய மீனைப் பொறுமையாக வளர்த்தால் நாகமாகும் என்று சொல்லித்தந்த ஆட்டத்தில், அதே மீனின் குஞ்சுகளை வரிசையில் நிறுத்திப் பிறப்பைப் பார்த்துக் கழித்துவிடும் வழக்கம் வளர்ந்தது.

இன்னும் கசப்பான ஒன்று. கோல்டு, சில்வர் பதிப்புகளில் ஆண் பெண் பேதம் முதன்முதலாக வந்தது. அதற்குத் தனியாக இடம் ஒதுக்காமல் தாக்குதலின் பிறவி எண்ணைக் கொண்டே பாலினத்தைத் தீர்மானித்தார்கள். அன்று அந்த எண் பூஜ்யத்திலிருந்து 15 வரை. ஆணும் பெண்ணும் சரிபாதியான இனத்தில் ஏழு வரை என்றால் பெண். எட்டு முதல் ஆண். ஆக, எந்தப் பெண்ணும் தன் இனத்து எந்த ஆணையும்விடத் தாக்குதலில் ஒரு படி குறைவாகவே பிறக்கும். அப்படி ஒரு சித்தாந்தம் அவர்களுக்கு இருந்தது என்று நான் நினைக்கவில்லை. நினைவகத்தில் இடம் மிச்சம் பிடித்திருப்பார்கள். ஆனால் விளைவு விளைவுதான். 2002இல் பாலினத்தைத் தாக்குதலிலிருந்து பிரித்துவிட்டார்கள். என் கண்ணில் திருத்தத்தின் முதல் அடி அது.

நிறம் மாறிப் பிறக்கும் அபூர்வப் பிறவிகளை 'ஷைனி' என்பார்கள். அதுவும் அன்று பிறவி எண்களிலிருந்தே வந்தது. குறிப்பிட்ட சேர்க்கை விழுந்தால் நிறம் மாறும், 8,192இல் ஒன்று. 2013க்குப் பிறகு அது 4,096இல் ஒன்றாக இளகியது. வெவ்வேறு மொழிப் பதிப்புகளில் பிறந்த பெற்றோரைச் சேர்த்தால் ஷைனி பிறக்கும் வாய்ப்பு கூடும் என்று 2006இன் டயமண்ட், பேர்ல் பதிப்புகளில் ஒரு விதி வைத்தார்கள். அதை வெளியே சொன்ன இயக்குநர் ஜுனிச்சி மசூதாவின் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். ஜப்பானியத் தாய்க்கும் ஜெர்மானியத் தகப்பனுக்கும் பிறந்த குஞ்சு ஜொலிக்க வாய்ப்பு அதிகம்! தாஜிரியின் கேபிள் இப்போது கடல் தாண்டிவிட்டது.

திருத்தம்

2010இல் வந்த பிளாக், ஒயிட் பதிப்புகள் கதையிலேயே கேள்வியை எழுப்பின. 'என்' என்ற ஓர் இளைஞன், இந்த உயிர்களைப் பந்துக்குள் அடைப்பதும் சண்டைக்கு இறக்குவதும் முறையா என்று கேட்கிறான். வழியில் கிடைப்பவற்றோடு நட்பாகி, வேலை முடிந்ததும் விடுவித்துவிடுகிறான். ஆட்டம் தன்னையே கூண்டில் ஏற்றிய இடம் அது. முழுமையான பதில் சொல்லவில்லை, ஆனால் கேட்டது.

விதிகளில் பதில் மெதுவாக வந்தது. பிள்ளைக்கு அதுவரை பெற்றோரின் பிறவி எண்களில் மூன்று மட்டுமே இறங்கும். 2013இன் எக்ஸ், ஒய் பதிப்புகளில் 'விதி முடிச்சு' என்ற பொருளைப் பெற்றோரில் ஒருவர் தாங்கினால் ஐந்து இறங்கும். பெற்றோர் இருவரும் குறையற்றவர்கள் என்றால், ஆறாவது எண்ணும் 31ஆக விழ 32இல் ஒரு வாய்ப்பு. 107 கோடி எங்கே, 32 எங்கே!

2016 நவம்பரில் சன், மூன் பதிப்புகள் வந்தன. நூறாவது லெவலை எட்டிய போக்கிமானை ஒரு பாட்டில் மூடியோடு குறிப்பிட்ட ஒருவரிடம் கூட்டிச் சென்றால், அதன் திறனை 31இல் பிறந்ததற்குச் சமமாக உயர்த்தித் தருவார். எந்தக் குஞ்சையும் இனிக் கழிக்க வேண்டாம். 2019இன் ஸ்வார்டு, ஷீல்டு பதிப்புகளில் புதினாத் தழை வந்தது. பிறவிச் சுபாவம் என்று 25 வகை உண்டு. ஒவ்வொன்றும் ஒரு திறனைப் பத்து விழுக்காடு கூட்டி இன்னொன்றைக் குறைக்கும், ஐந்து மட்டும் நடுநிலை. தழையைக் கொடுத்தால் சுபாவத்தின் விளைவு மாறிவிடும். 2022இன் ஸ்கார்லெட், வயலட் பதிப்புகளில் பாட்டில் மூடிக்கு ஐம்பதாவது லெவலே போதும் என்றார்கள். 107 கோடியில் ஒன்று 32இல் ஒன்றாகி, இப்போது உழைத்தால் நிச்சயம் என்று ஆகிவிட்டது.

இதில் ஒரு சின்னக் கண்டிப்பு இருக்கிறது. பாட்டில் மூடியால் உயர்ந்த எண் பிள்ளைக்கு இறங்காது; பிள்ளைக்குப் போவது பழைய பிறவி எண்தான். ஆனால் தகப்பன் கற்ற சில வித்தைகள் முட்டை வழியே பிள்ளைக்கு வரும். அது 1999 முதலே உண்டு. வாழ்நாளில் ஈட்டியது வாரிசுக்குப் போகும் என்று லமார்க் சொன்னதை உயிரியல் ஒதுக்கிவைத்தது. இந்த ஆட்டம் உடம்புக்கு ஒரு விதி, கல்விக்கு ஒரு விதி என்று வைத்துக்கொண்டது. படித்த அப்பாவின் பிள்ளைக்குப் புத்தகம் கிடைக்கும், தசை கிடைக்காது.

எதிர்த் திசையில் ஓர் உதாரணமும் இருக்கிறது. 2016 ஜூலையில் வந்த 'போக்கிமான் கோ'வை உங்களில் பலர் கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள். அந்த டிசம்பரில் ஜியோ நிறுவனத்தோடு சேர்ந்து இந்தியாவிலும் முறைப்படி வந்தது. அதில் பிறவி எண்கள் மூன்று, ஒவ்வொன்றும் 15 வரை. ஆனால் 510ஐப் பங்கு பிரிக்கும் வேலை அங்கே கிடையாது. மிட்டாயும் நட்சத்திரத் தூளும் கொடுத்தால் எல்லாம் ஒரே மாதிரி ஏறும். விளைவு என்ன? மூன்றிலும் 15 விழுந்ததை 'ஹண்டோ' என்று கொண்டாடுகிறார்கள். மற்றதை ஆட்டத்தில் வரும் பேராசிரியருக்கு அனுப்பிவிட்டு ஒரு மிட்டாய் வாங்கிக்கொள்கிறார்கள். வளர்ப்பில் யோசிக்க எதுவும் இல்லாத இடத்தில் பிறப்பு முழு அதிகாரத்தையும் எடுத்துக்கொள்கிறது.

அணில் வென்ற நாள்

2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் போக்கிமான் உலகக் கோப்பை நடந்தது. வென்றவர் தென் கொரியாவின் சேஜுன் பாக். அவர் அணியில் பச்சிரிசு என்ற மின்சார அணில் இருந்தது. அதன் இனத்துக்கே உரிய அடிப்படைத் திறன்களின் கூட்டுத்தொகை 405. போட்டிக்கு வரும் பெரிய மிருகங்கள் 600ஐத் தொடுபவை. அரங்கத்தில் இருந்தவர்களுக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது.

பாக் அந்த அணிலைத் தாக்குவதற்காக வளர்க்கவில்லை. பயிற்சிப் புள்ளிகளை உயிரிலும் தற்காப்பிலும் கொட்டியிருந்தார். அதற்கு 'என்னைப் பார்' என்ற வித்தை தெரியும். எதிரிகளின் அடியைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளும். மின்சாரத்தை உறிஞ்சிக்கொள்ளும் இயல்பும் அதற்கு உண்டு. அதன் கூட்டாளி கியாரடோஸ். மின்சாரம் பட்டால் நான்கு மடங்கு அடி வாங்கும் கடல் நாகம். எதிரி நாகத்தின் மேல் மின்சாரத்தை ஏவுவார், அணில் முன்னால் போய் வாங்கி ஜீரணித்துக்கொள்ளும், நாகம் தன் வேலையைப் பார்க்கும். சந்தையில் 500க்கு விற்ற மீனின் வளர்ந்த வடிவமும் ஓர் அணிலும் சேர்ந்து கோப்பைக்கு வழி போட்டன.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த மேடைக்கு வருபவர்களிடம் பிறவி எண் குறைந்த அணி இருக்காது. எல்லோரும் முட்டைச் சாலையில் சைக்கிள் ஓட்டி வந்தவர்கள்தான். பிறப்பு எல்லோருக்கும் சமமான பிறகு, 510ஐ எங்கே போடுகிறாய், யாரை யாருக்குத் துணை வைக்கிறாய் என்பதே முடிவைச் சொன்னது. பிறப்பைச் சமமாக்கியதால் ஆட்டம் சப்பென்று ஆகிவிடும் என்று அஞ்சியவர்களுக்கு அந்த அணில் பதில்.

ஆட்டக்காரர்களும் தங்கள் பங்குக்கு ஒரு திருத்தம் செய்தார்கள். 2010இல் ஒருவர் ரூபி பதிப்பைத் தானே விதித்துக்கொண்ட கடுமையான கட்டுப்பாடுகளோடு ஆடி, அதைப் படக்கதையாக வரைந்தார். 'நஸ்லாக்' என்ற பெயரில் அது உலகம் முழுக்கப் பரவியது. ஒவ்வோர் இடத்திலும் முதலில் எதிர்ப்படுவதை மட்டுமே பிடிக்கலாம். சண்டையில் விழுந்தால் அது இறந்ததாகக் கணக்கு. அதைப் படித்தவர்கள் எல்லாவற்றுக்கும் பெயர் வைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தாங்களாகவே விட்டுக்கொடுத்தார்கள். கிடைத்தது சோம்பேறி எலியோ, துள்ளத் தெரிந்த மீனோ, அதை வைத்துத்தான் கரையேற வேண்டும். ஆயிரம் முட்டைகளில் ஒன்றைத் தேடிய அதே கூட்டம், எதுவும் தேடாமல் கையில் வந்ததை வளர்ப்பதிலும் இவ்வளவு பரபரப்பு இருக்கிறது என்று கண்டுகொண்டது.

இந்தத் திருத்தம் முழுமையானது என்று நான் சொல்ல மாட்டேன். தனித்தனிப் பிறவிகளுக்கு இடையே இருந்த மேடு பள்ளத்தைத்தான் சமன் செய்தார்கள். இனத்துக்கு இனம் உள்ள ஏற்றத்தாழ்வு அப்படியே நிற்கிறது. மேஜிகார்ப்பின் அடிப்படைத் தொகை 200, மியூடூவுக்கு 680. எந்தப் பாட்டில் மூடியும் அதைத் தொடாது. அங்கே கைகொடுப்பது இரண்டே வழிகள்: மீன் நாகமாகும்வரை பொறுப்பது, அல்லது அணிலுக்கு ஏற்ற துணையைக் கண்டுபிடிப்பது. இரண்டும் வளர்ப்பவர் கையில்தான் இருக்கின்றன.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். பிள்ளை இந்த ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தால் எந்த லெவல் என்று கேட்காதீர்கள். இதை ஏன் இப்படி வளர்த்தாய், 510ஐ எங்கே போட்டாய் என்று கேளுங்கள். பதில் நீளமாக வரும், பாதி புரியாது, பரவாயில்லை. ஒரு முடிவை எடுத்து அதற்குக் காரணம் சொல்லும் பிள்ளை உங்கள் முன்னால் நிற்கும். அப்புறம் அதே பிள்ளையின் மதிப்பெண் பட்டியலைக் கையில் எடுக்கும்போது, 31ஐயும் 63ஐயும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்விகளுக்கு வருவோம், முதல் கேள்வி பிள்ளைகளிடமிருந்து வரட்டும்.